வெளியே வராத பாஸ்

கேள்வியில் பாஸின் பெயர் இல்லை. நாரேவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

'ஆயிரம் வாசல்' என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களின் இணைய மன்றத்தில் எவரும் பெயர் சொல்லாமல் கேட்கமாட்டார்கள். எரியும் துறவியிடம் செத்துச் செத்து விரலே வீங்கிவிட்டது, இரட்டைத்தலைக் கொல்லன் வாளை ஓங்கினால் எந்தப் பக்கம் உருள்வது என்று, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் புகார் சொல்வதுபோல் பெயர் பெயராகச் சொல்லித்தான் புலம்புவார்கள். ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெரிய எதிரிகளைத்தான் பாஸ் என்பது. ஒன்றை வீழ்த்தச் சிலருக்கு ஒரு வாரம் ஆகும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும், அத்தனை கொடுமையான ஆட்டம். இந்தக் கேள்வி மட்டும் மொட்டையாக இருந்தது.

"புதுசா ஆடுறேன். ஒரு பாஸ் வெளிய வரவே மாட்டேங்குது. சின்ன அறை. ஒரே கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். ஜன்னல் கிடையாது. எப்படி அடிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லிக் குடுங்க."

கீழே அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அந்த மன்றத்தில் புதியவர் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு யோசனையை வாரிக் கொட்டுவார்கள். வருடக்கணக்காக ஆடிக் கிடக்கிற பழையவர்களைத் 'தேங்கின தண்ணி' என்று கேலி செய்வது அங்கே வழக்கம். தேங்கின தண்ணிக்குப் புதுத் தண்ணியைக் கண்டால் அப்படியொரு ஆசை. வந்த புதுசை விரட்டினால் பாவம். எந்த பாஸ், எந்தக் கட்டம் என்று குறுக்கு விசாரணை செய்வதும் அலட்டலாகவே எடுத்துக்கொள்ளப்படும். போன வாரம் ஆட்டத்தில் புது இடங்கள் சேர்ந்திருந்தன, யாரும் பார்க்காத ஏதோ ஒளிந்திருக்கிற பாஸ் போல என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

நாரே அங்கே 'முள்ளங்கி' என்ற பெயரில் எழுதுகிறவள். அரசு வேலைத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள் என்பது மன்றத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு துண்டுக் கவசம்கூட அணியாமல் எரியும் துறவியை வீழ்த்தியவள் என்பதுதான் தெரியும். வீட்டில் செல்லாக்காசாக இருப்பவளின் சொல்லுக்கு அங்கே நூறு பேர் காது கொடுத்தார்கள். அந்தக் கிறக்கம் லேசில் விடுமா?

"நம்ம ரூம் மாதிரியே இருக்கே," என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

சிரிக்கக் காரணம் இருந்தது. தலைநகரின் நோரியாங்ஜின் பகுதிச் சந்துக்குள், பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கென்றே தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் கட்டிய விடுதியின் மூன்றாவது மாடி அது. கட்டிலில் படுத்தபடி எதிர்ச்சுவரைக் காலால் தொடலாம். ஜன்னல் வைத்த அறைக்கு வாடகை கூடுதல் என்பதால் அவளுக்கு ஜன்னல் கிடையாது. நண்பகலும் நள்ளிரவும் அங்கே ஒரே நிறம்தான். நாளை சூசோக், அறுவடைப் பண்டிகை. எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். விடுதிப் பொறுப்பாளர்கூட, "சோறு குக்கர்ல இருக்கு, கிம்ச்சி ஃப்ரிட்ஜ்ல இருக்கு, வாசக் கதவ மட்டும் நல்லா சாத்திக்கம்மா," என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினார். பூசானில் இருக்கும் அம்மாவிடம், படிக்க வேண்டியிருக்கிறது, இந்த வருஷம் வரவில்லை என்று நாரே சொல்லியிருந்தாள். அம்மாவும் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

மற்ற நாட்களில் அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமுவார்கள், பக்கம் புரட்டுவார்கள், தூக்கத்தில் சட்டப்பிரிவுகளை உளறுவார்கள். இன்று அதெல்லாம் இல்லாமல், நடையின் கோடியில் இருந்த குடிநீர் இயந்திரம் உறுமுவதும், எங்கேயோ குழாய்க்குள் மழைத்தண்ணீர் இறங்குவதும், அவளுடைய கணினியின் விசிறி சுற்றுவதும் மட்டும், வேறு ஒன்றும் கிடைக்காத காது தேடித் தேடிப் பொறுக்கிய ஒலிகளாக, காயாத துணியும் புளித்த முட்டைக்கோஸ் கிம்ச்சியும் கலந்த வாடையோடு அந்த அறையை அடைத்துக்கொண்டிருந்தன. அவளுக்கு இந்தத் தனிமை பிடித்திருந்தது.

அவள் எழுதினாள்: "எந்த பாஸா இருந்தாலும் முதல்ல அடிக்காத. சும்மா நின்னு பாரு. எப்ப அசையுது, எப்ப ஓயுது, எதுக்காக வெளிய வருது. எல்லா பாஸுக்கும் ஒரு பழக்கம் இருக்கும். அந்தப் பழக்கத்துலதான் பிடிக்கணும்."

உடனே பதில் வந்தது. "சரிங்க. பாக்குறேன். ரொம்ப நன்றி."

மரியாதையான புதுசு என்று எல்லாரும் மெச்சினார்கள். நாரே காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, வாள் சத்தத்துக்கு நடுவே, நடையில் செருப்பு தேய்வதுபோல் கேட்டது. ஒலிக்கருவியை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். ஓசை நின்றது. இன்னொரு முறை கேட்கட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு, விசைப்பலகையில் விரல்களை வைத்தபடியே அசையாமல் இருந்தாள். ஒன்றும் இல்லை. பொறுப்பாளர் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பார், பாவம், மழையில் நனைந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

புதுசு மறுபடி எழுதியிருந்தது.

"பாத்தேன். சாப்பிடுறது உள்ளேயே. தண்ணிக்கு மட்டும் வெளிய வரும்போல. காது ரொம்பக் கூர்மை. நான் அசைஞ்சா அது அசையாம நின்னுடுது. இப்ப என்ன செய்யணும்?"

"தண்ணியப் புடுங்கு!" என்று முதல் ஆளாகக் குதித்தான் கருகல். நெருப்பு பாஸ்களிடம் மட்டும் தவறாமல் சாவதால் வந்த பெயர் அது. நாரேவுக்கு நெருங்கிய கூட்டாளி.

நாரேவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காது கூர்மையான பாஸ்கள் அவளுடைய தனிப் பாடம் ஆயிற்றே. நீளமாக எழுதித் தள்ளினாள். கருகல் சொல்வது சரி, தண்ணீரை நிறுத்து, அது வெளியே வரும். அப்போது பின்னால் நின்று அடி. தவறவிட்டால் பதறாதே, சத்தமாகக் காலடி வைத்துத் தூரப் போவதுபோல் போ, நீ போய்விட்டாய் என்று நம்பித் தானாகக் கதவைத் திறக்கும். அதற்கும் மசியவில்லையா, அதற்குத் துணைக்கு வருகிறவர்களின் வேஷத்தில் போ, தன் ஆட்கள் என்று நினைத்துத் திறந்துவிடும். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. சில நிமிடங்களில் அந்தப் பதிலுக்கு முந்நூறு பாராட்டுகள் விழுந்தன.

குடிநீர் இயந்திரத்தின் உறுமல் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. தண்ணீர்ப் புட்டி காலியானதும், சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற கதவின் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நடை ஓர் ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு போகும் அகலம்தான். இரு பக்கமும் பூட்டிய கதவுகள். தலைக்கு மேலே ஆள் நடமாட்டத்துக்கு எரிந்து, அசைவு நின்றால் அணைகிற விளக்கு. வார் அறுந்த இடது செருப்பைத் தேய்த்துக்கொண்டு கோடிவரை போனாள். இயந்திரத்தின் மின்விளக்கு எரியவில்லை. பொத்தானை அழுத்தினாள், ஒரு சொட்டு விழுந்து நின்றது. உள்ளங்கையால் அதன் மண்டையில் இரண்டு தட்டு தட்டினாள். "ச்சே!" பின்பக்கம் எட்டிப் பார்த்தால் இணைப்பு கழன்று தரையில் கிடந்தது. சொருகிப் பார்த்தும் உயிர் வரவில்லை. என்ன செய்யலாம் என்று அப்படியே நின்று யோசித்தாள். எவ்வளவு நேரம் அசையாமல் நின்றும் தலைக்கு மேல் விளக்கு அணையவே இல்லை. அது அவளுக்கு லேசாக உறைத்தது. விளக்கும் கெட்டுவிட்டது, பண்டிகை முடிந்ததும் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

திரையில் புதுசின் பதிவு காத்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரி தண்ணிய நிறுத்துனேன். வெளிய வந்துச்சு. இயந்திரத்த ரெண்டு தட்டு தட்டி 'ச்சே'ன்னு சொல்லிச்சு. நான் அதுக்குப் பின்னாடியேதான் நின்னேன். கை எட்டுற தூரம். ஆனா கை நடுங்கிடுச்சு. திரும்ப உள்ள போயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

கீழே ஆறுதல்கள் குவிந்துகொண்டிருந்தன. முதல் தடவை எல்லாருக்கும் கை நடுங்கும் தம்பி. விடாத. அடுத்த தடவை முடிச்சிடலாம்.

நாரே அதை மூன்று முறை படித்தாள். திரும்பி வந்தபோது நடையில் யாரையும் காணவில்லையே. கழுத்தின் பின்பக்கத்தில், மயிர்க்கால்கள் இருக்கும் இடத்தில், யாரோ ஈர மூச்சு விட்டுப்போன இடம்போல் குளிர்ந்தது. நாற்காலியைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். மெல்லிய பலகைக் கதவு. அதில் ஒரு விரல் நீளத் தாழ்ப்பாள். இத்தனை நாளும் அது போதும் என்று நினைத்திருந்தாள்.

கருகலுக்குத் தொலைபேசியில் அடித்தாள்.

"அக்கா! என்ன, பண்டிகையும் அதுவுமா?" பின்னால் எண்ணெய் பொரிந்தது. ஊர் ஜோன்ஜு, நிஜப் பெயர் கியுதே, அவளைவிடச் சின்னவன்.

"கியுதே, அந்தப் புதுசு நீதானா? உண்மையச் சொல்லு." நாரே வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள்.

"எந்தப் புதுசு? வெளிய வராத பாஸ்காரனா? நானா? காலையில இருந்து சுரைக்காய மாவுல தோச்சுத் தோச்சுப் பொரிச்சிட்டிருக்கேன்க்கா, கை வெந்துபோச்சு."

"அந்த பாஸ் நான்டா."

 அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அய்யோ, செமக்கா! எனக்கே புல்லரிச்சிடுச்சு."

"சத்தியமாடா. தண்ணி எடுக்கப் போனேன். ரெண்டு தட்டு தட்டினேன். அப்படியே எழுதியிருக்கு. எனக்குப் பின்னாடி நின்னிருக்கு. இங்க யாருமே இல்லடா."

"அந்தக் குசுகுசு குரல் இருக்கே, அப்படியே பதிவு பண்ணி மன்றத்துல போடுங்க, கிழிஞ்சிடும்! இதோ வர்றேன் அத்தை, கத்தாதீங்க! அக்கா, மாவு தீயுது, அப்புறம் கூப்பிடுறேன்."

இணைப்பு அறுந்தது. இன்னொரு முறை அடித்தபோது எடுக்கவில்லை.

மன்றத்தில் எழுதினாள். விரல்கள் எழுத்தைத் தப்பித் தப்பி அடித்தன. "யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. அது ஆட்டம் இல்ல. அந்த அறையில இருக்கறது நான். தயவுசெஞ்சு நிறுத்துங்க."

விழுந்தது பாருங்கள் சிரிப்பு. பாஸே வந்து பதில் போடுதுடா! முள்ளங்கி அக்காவ அடிச்சுக்க ஆளே இல்ல! இந்த வருஷத்தோட பதிவு இதுதான்! ஒருவர்கூட நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? அவளாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள், விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட யானைக்கு யார் வந்து தலை கழுவுவார்கள்?

புதுசு மட்டும் சிரிக்கவில்லை.

"பாஸ் பேசுது. கெஞ்சுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"அரை உயிர் போயிடுச்சுன்னு அர்த்தம்," என்று யாரோ ஒரு தேங்கின தண்ணி எழுதினார். "இரக்கப்படாத. நெருங்கு."

நடையில் விளக்கு எரிந்தது. கதவின் அடியில் மஞ்சள் கோடாக வெளிச்சம் விழுந்தது. செருப்பு தேய்ந்தது. ஒரு கால் பதிந்து, ஒரு கால் தேய்ந்து. இடது கால். அவளுடைய நடை. அவள் எப்படி நடப்பாளோ அப்படியே நடந்து வந்து, மஞ்சள் கோட்டின் நடுவில் இரண்டு கறுப்புத் துண்டுகளாக நின்றது.

நாரே கட்டிலின் மூலைக்குள் ஒடுங்கி, போர்வைக்குள் தொலைபேசியின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அவசர உதவி எண்ணுக்குச் செய்தி தட்டினாள். விலாசம், மாடி, அறை. பேச முடியாது, கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறது. காவலர்கள் வருகிறார்கள், அங்கேயே இருங்கள் என்று பதில் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

கறுப்புத் துண்டுகள் நகரவில்லை. தட்டவும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாள் இருக்கும் உயரத்தில், நகத்தால் மெல்லத் தடவிப் பார்க்கிற ஓசை மட்டும் வந்துபோனது. ஈரம் படிந்த பழைய காகிதத்தின் வாடை கதவிடுக்கு வழியாக ஊர்ந்து வந்து, அறையில் இருந்த கிம்ச்சி வாடையை மெல்ல மெல்ல விழுங்கியது.

பிறகு வாசல் மணி அடித்தது.

நிழல் விலகியது. விளக்கு எரிந்தபடியே இருந்தது. வாசல் கதவின் எண் பூட்டு, திறக்கும்போது பாடுகிற சின்ன மெட்டைப் பாடியது. கனமான காலணிச் சத்தம். கையில் வைத்திருக்கும் கருவி கரகரக்கிற சத்தம்.

"போலீஸ். யாராவது இருக்கீங்களா?" ஓர் ஆண் குரல். கொஞ்சம் வயதான, களைத்த குரல்.

நாரே பாய்ந்து எழுந்தாள். கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. வாய் திறந்துவிட்டது.

நின்றாள்.

துணைக்கு வருகிறவர்களின் வேஷத்தில் போ. தன் ஆட்கள் என்று நினைத்துத் திறந்துவிடும். எழுதியது யார்? அவள்தானே. முந்நூறு பேர் பாராட்டிய வரி அல்லவா. மணி அடித்ததும் அதுதான், கதவைத் திறந்ததும் அதுதான், இந்தக் குரலும் அதுதான். எவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது! தாழ்ப்பாளிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது இன்னொரு குரல் பேசியது. பெண் குரல். பூசான் இழுவை.

"அய்யோ, மன்னிச்சுக்குங்க சார். நான்தான் செய்தி அனுப்பினேன். பூனை ஏதோ உருட்டியிருக்கு, தனியா இருந்தேனா, பயந்துட்டேன். பண்டிகை நாள்ல உங்கள அலைய வெச்சிட்டேன்."

"பரவால்லம்மா. உங்க பேரு?"

"நாரே சார்."

அவளுடைய குரல். கூச்சத்தோடு கடைசிச் சொல்லைக் கொஞ்சம் விழுங்குகிற அந்த வழக்கம்கூட. "கதவ சாத்திக்கம்மா," என்றது ஆண் குரல். காலணிகள் படியிறங்கின. பூட்டு பாடியது.

தொலைபேசி அதிர்ந்தது. காவலர்கள் உங்களை நேரில் சந்தித்து நலமறிந்தனர், இனிய சூசோக் வாழ்த்துகள் என்று இருந்தது.

நிஜ போலீஸ். வந்தது நிஜ போலீஸ். அவள் கத்தியிருக்கலாம்.

'அது நான் இல்லை' என்று மறுபடி அனுப்பினாள். பண்டிகை நேரம், அவசர எண்ணில் விளையாட வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை அனுப்பியும் ஒன்றும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கதவின் அடியில் மஞ்சள் கோட்டின் நடுவே இரண்டு கறுப்புத் துண்டுகள் திரும்ப வந்து நின்றன.

யோசி, என்று தன்னை அதட்டினாள். எந்த பாஸுக்கும் ஒரு பழக்கம் உண்டு. இதற்கு என்ன பழக்கம்?

சொன்னதைச் செய்கிறது. சொன்னதை மட்டும் செய்கிறது.

மன்றத்தைத் திறந்தாள். புதுசு கேட்டிருந்தது: "வேஷம் நல்லா வேலை செஞ்சுது. ஆனா திறக்கல. இனி என்ன?" கீழே பலரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏதாவது உருப்படியாகச் சொல்லிவிடுவதற்குள் சொல்ல வேண்டும். திணறுகிற புதுசுகளுக்கு எல்லாரும் சொல்கிற, கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்த ஒரே பதிலை அவள் அடித்தாள்.

"இந்த பாஸ தனியா அடிக்க முடியாது. வெளிய போ. துணைக்கு ஆள் கூப்பிட்டுக்கிட்டு வா."

"எவ்வளவு தூரம் போகணும்?"

"கட்டடத்துக்கு வெளிய. தெருவுக்கு."

"எத்தனை பேர்?"

"எத்தனை பேர் கிடைக்கிறாங்களோ, அத்தனை பேரும்." நிறைய ஆள் தேட நிறைய நேரம் ஆகும். அவளுக்கு அந்த நேரம்தான் வேண்டும்.

"சரிங்க. நன்றி."

கறுப்புத் துண்டுகள் விலகின. ஒரு கால் பதிந்து, ஒரு கால் தேய்ந்து, நடையில் தூரத் தூரப் போயிற்று. பூட்டு பாடியது. கதவு சாத்திக்கொண்டது. அமைதி.

போய்விட்டதா? தூரப் போவதுபோல் போகிறதா? அதையும் அவள்தானே சொல்லிக்கொடுத்தாள். கதவில் காதை வைத்தாள். மழை. குழாய். தன் நெஞ்சு அடிக்கிற சத்தம். திறந்தால் எதிரே நிற்கலாம். திறக்காவிட்டால் திரும்பி வரும். தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

மன்றத்தில் புதுசு ஒரு படம் போட்டது. மழை பெய்கிற சந்து. கீழ்த்தளத்தில் இருக்கும் பன்றிக்கறி வறுவல் கடையின் இறக்கிய இரும்புக் கதவு. அதற்கு மேலே இந்த விடுதியின் பெயர்ப்பலகை. "வெளிய வந்துட்டேன். கூப்பிடுறேன்."

தெருவில் நிற்கிறது! நிஜமாகவே தெருவில் நிற்கிறது. படத்துக்குக் கீழே, நானும் வர்றேன், என்னையும் கூப்பிடு என்று மன்றத்தில் ஆளாளுக்குக் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். கருகலும் தூக்கியிருந்தான். நாரே அதைப் படிக்க நிற்கவில்லை. எப்படியாவது இந்த அறையைவிட்டு வெளியே போய்விட்டால் போதும். பக்கவாட்டுச் சந்து வழியாக ரயில் நிலையத்துக்கு ஓடிவிடலாம். ரயில் இல்லாவிட்டால் நடந்தே பூசானுக்குப் போகவும் அவள் தயார். அம்மாவைப் பார்த்தால் போதும்.

தாழ்ப்பாளை நீக்கினாள். நடை காலி. வெறுங்காலோடு ஓடினாள். பின்னால் அறைக் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே. இருக்கட்டும்.

வாசலில் செருப்பு அடுக்கு காலியாக இருந்தது. அவளுடைய ஓட்டக் காலணி மட்டும். அதில் காலை நுழைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். பூட்டு பாடியது. கதவைத் தள்ளினாள்.

படிக்கட்டு இருட்டாக இருந்தது.

கீழ்த்தளத்தில் விளக்கு எரிந்தது. ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற விளக்கு.

கால் எடுத்து வைக்காமல் நின்றாள். முதல் மாடியில் எரிந்தது. காலடி ஒன்றல்ல. இரண்டல்ல. மழையில் நனைந்த நிறைய காலணிகள், பேச்சில்லாமல், ஒரே நிதானத்தில். கடைசி மாடிக்கு ஓடலாம் என்று மேலே பார்த்தாள்.

மேலேயும் விளக்கு எரிந்தது.

இவ்வளவு சீக்கிரமா? இத்தனை பேர் எங்கே இருந்தார்கள்?

கதவை இழுத்துச் சாத்தினாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். நீள நடை. பூட்டிய கதவுகள். அவள் அறையும் பூட்டிய கதவு. ஒரு ஜன்னல் இல்லை.

வெளியே யாரோ பூட்டின் எண்களை அழுத்தினார்கள். அவசரமில்லாமல். ஒவ்வொன்றாக. சரியான எண்கள்.

பூட்டு பாடியது. கைப்பிடி அவள் பிடியில் தானாக இறங்கியது. இழுத்துப் பார்த்தாள். சுவரை இழுப்பதுபோல் இருந்தது. விட்டாள். பின்னால் நகர்ந்தாள். முதுகு குடிநீர் இயந்திரத்தில் முட்டும்வரை நகர்ந்தாள்.

உள்ளே வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக. குனிந்த தலைகள். முகத்தை மறைத்து விழுந்திருந்த ஈரக் கூந்தல். வந்தவர்கள் காலணியைக் கழற்றினார்கள். காலணியின் மூக்கு வாசலைப் பார்க்கும்படி திருப்பி அடுக்கில் வைத்தார்கள். அடுக்கு நிறைந்தது. தரையில் வரிசை நீண்டது. இன்னும் படியில் ஆள் இருந்தது.

நடையின் இரு பக்கமும் சுவரோரம் நின்றுகொண்டார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. தலைக்கு மேல் விளக்குகள் எல்லாம் எரிந்தன. பழைய காகித வாடை. மூச்சுவிட இடமில்லை.

பிறகு எல்லாரும் அவளைப் பார்த்துத் திரும்பினார்கள். கைகளை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, பெரியவர்களுக்குச் செய்வதுபோல் குனிந்து வணங்கினார்கள். சண்டை தொடங்குமுன் ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் எதிரிக்குச் செய்கிற மரியாதை.

"ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டோம்," என்றது முன்னால் நின்றது, பூசான் இழுவையில், கூச்சத்தோடு. "மன்னிச்சுக்குங்க."

அப்புறம் எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.